ஆன்டெனா பிடித்த அத்தை

நகரத்தில் இப்போது நான் இருக்கும் ஃபேர்லேண்ட்ஸ் வீட்டில், கைப்பேசியில் பெண்கள் டென்னிஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். களிமண் தரை செங்கல் பொடி நிறத்தில் இருந்தது. எண்பதுகளில் எங்கள் புதுச்சத்திரம் வீட்டுக் கறுப்பு வெள்ளை டிவியில் இதே தரை சாம்பலாகத்தான் தெரியும். வெளியே இடி முழங்கியது. ஜன்னலைப் பார்த்தேன்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்த அன்றும் கோடை மாலை, இறுதி ஆட்டம். வாரம் முழுக்கப் பேப்பரில் அந்தப் போட்டியைத் தொடர்ந்து படித்தவர் அப்பாவின் தங்கை, என் அத்தை. ஆட்டம் தொடங்கியதுமே படம் புள்ளி புள்ளியாகிவிட்டது. அத்தை மொட்டை மாடிக்கு ஏறி ஆன்டெனாவின் இரும்புக் குழாயைத் திருப்பினார். அவர் பிடித்திருந்தால் படம் தெரிந்தது. கையை எடுத்தால் போய்விட்டது.

"நான் புடிச்சுக்கறேன். நீ பாத்துச் சொல்லு சாமி."

ஜன்னல் வழியே கத்தினேன். "குட்டைமுடிக்காரிக்குப் பாயிண்டுங்க அத்தை!"

மேற்கே மின்னத் தொடங்கியது. "மின்னுதுங்க அத்தை, எறங்கி வந்துருங்க!"

"இந்த ஒரு கேம் முடியட்டும் சாமி."

குட்டைமுடிக்காரி மட்டையை ஓங்கினாள். வீடே வெளுத்தது. கூடவே விழுந்த இடியில் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. கரண்டு போய்விட்டது.

"அத்தை!"

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. மறுபடி கூப்பிடப் பயமாக இருந்தது. அதற்கும் பதில் வராவிட்டால்?

வெகுநேரம் கழித்து மாடியிலிருந்து நடுங்கும் குரல் வந்தது. "அந்தப் பாயிண்டு ஆருக்குச் சாமி?"

அத்தை இன்னும் அதே வீட்டில் தனியாக இருக்கிறார். இந்த ஆட்டத்தையும் பார்த்துக்கொண்டிருப்பார். புதுச்சத்திரம் பக்கம் மின்னலில் வானம் வெளுத்தது. ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவருக்குப் போன் போட்டேன்.

மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.