வரவேற்பு விழாவுக்கு ஒரு ராஜா

திருவள்ளூரில் ஆசிரியப் பயிற்சிக்குப் படித்தபோது, பெண்கள் விடுதியில் என் கையெழுத்துக்குத் தனி மரியாதை இருந்தது. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் எல்லாரும் கைநாட்டு. அப்பா கும்மிடிப்பூண்டியில் புதுத் தொழிற்சாலைகளுக்கு மண் சுமந்தவர். அதனால் ஒவ்வோர் எழுத்தையும் நான் அலங்காரமாகத்தான் எழுதுவேன். பெற்றோருக்குப் போகும் கடிதங்களை வார்டனம்மா சொல்லச் சொல்ல நானே எழுதுவேன்.

இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் அவர் சொன்ன கடிதம் இது: 'உங்கள் மகளின் போக்கு சரியில்லை. சக மாணவி ஒருத்தியோடு ஒரே பாயில் படுக்கிறாள், ஒரே தட்டில் சாப்பிடுகிறாள். வந்து அழைத்துப் போகவும்.' மகள், பழவேற்காட்டுக்காரி. படகு தள்ளிய தோள், கை வீசி நடக்கும் நடை. சக மாணவி, நான்.

"நீ நல்லாப் படிக்கிற பொண்ணு. அவதான் உன்னைக் கெடுக்கிறா. உன் நல்லதுக்குத்தான், எழுது."

கெட்டுப்போனவளையே உட்காரவைத்து எழுதச் சொல்வதில் அவருக்குச் சங்கடமே இல்லை. விடுதியில் வேறு நல்ல கையெழுத்து கிடையாது, அவ்வளவுதான். நான் அவளை விரும்பினேன், அவள் என்னை. அதில் எது கெட்டது என்று எனக்குத் தெரியவில்லை. கணக்கில் அப்போதும் நான்தான் முதல்.

"தேதி?" என்றேன்.

"இப்பப் போடாத. வரவேற்பு விழா முடியட்டும்."

புதிய மாணவிகளுக்கு நாங்கள் ஆண்டுதோறும் ராஜா நாடகம் போட்டு வரவேற்பது வழக்கம். ராஜா வேஷத்துக்கு விடுதியில் ஒரே ஆள்தான் இருந்தாள். எந்த நடைக்காக அவளை ஊருக்கு அனுப்பப் போகிறார்களோ, அந்த நடை மேடைக்கு வேண்டியிருந்தது.

கடிதத்தைப் பற்றி நான் சொன்னபோது அவள் மீசைக்குக் கரி குழைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க நைனா வந்தா நேரா மாப்ள ஊட்டுலதான் எறக்கி உடுவாரு. ஏன்டி, நீதான எழுதுன? விலாசத்த தப்பா எழுதிக்கினா இன்னா?"

"எனக்குத் தப்பா எழுத வராது."

"அய்யே, பெருமையப் பாரு!"

விழாவுக்கு முந்தைய நாள் ராணியாக நடிக்கவிருந்தவளுக்குப் பொன்னுக்குவீங்கி வந்துவிட்டது. ராணியின் வசனம் வேறு யாருக்குத் தெரியும் என்று வார்டனம்மா கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மறுநாள் அவர் கையாலேயே எனக்குப் பூ வைத்து மேடை ஏற்றினார். மாலை மாற்றும் காட்சியில் திரை ஓரத்திலிருந்து அடிக்குரலில் கத்தியவரும் அவர்தான்: "கிட்டப் போம்மா! புருஷன் பொண்டாட்டி மாதிரி நில்லுங்க!"

நின்றோம். முன்வரிசையில் இருந்த கல்வி அதிகாரி பலமாகக் கைதட்டினார். அடுத்த மாதம் ஆசிரியர் கூட்டத்திலும் இந்த ஜோடிதான் நடிக்கவேண்டும் என்றார். "கண்டிப்பாங்க ஐயா" என்றார் வார்டனம்மா. கடிதம் மேசை டிராயரிலேயே தங்கியது.

எனக்கு வழி பிடிபட்டது. அந்த மாதமே மாணவிகளின் நாடக மன்றத்துக்குச் செயலாளர் ஆனேன். பிறகு எங்கள் பள்ளியில் விழா இல்லாத மாதம் இல்லை. ராஜா மரம் நட்டார். ராஜா அம்மை குத்திக்கொண்டார். குடும்பக் கட்டுப்பாட்டு வாரத்தில் அளவான குடும்பத்துக்கு உதாரணமாக எங்கள் இருவரைத்தான் நிறுத்தினார்கள். அதைவிட அளவான குடும்பம் அந்த மாவட்டத்தில் இருந்திருக்காது.

ஒத்திகை அறைக்குப் புதுமாணவிகள் இருவர் கைகோத்தபடி வந்தார்கள். "அக்கா, எங்களுக்கு நடிக்க வராது. சும்மா ஒண்ணா குந்திக்கினு இருக்கலாமா?"

"வாங்கடி, வந்து திரையப் புடிங்க" என்றாள் ராஜா.

கல்யாணம் நிச்சயமான ஒருத்தியும் வந்தாள். அவளுக்கு இதில் சொந்தக் காரணம் எதுவும் இல்லை, எங்களைப் பிடித்திருந்தது. வாசலில் உட்கார்ந்து மீசை தைப்பாள். வார்டனம்மா தலை தெரிந்தால் ராஜாவின் வசனத்தை உரக்க ஒப்பிப்பாள். உடனே நாங்கள் விலகி உட்காருவோம்.

படிப்பு முடிந்த நாளில் வார்டனம்மா என்னைக் கூப்பிட்டு நன்னடத்தைச் சான்றிதழ்களை எழுதச் சொன்னார். அதைக் காட்டினால்தான் வேலை. ராஜாவின் பெயர் வந்ததும் பேனாவை நிறுத்தினேன். அவர் டிராயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சுவரில், கல்வி அதிகாரிக்குப் பக்கத்தில் நாங்கள் மாலையோடு நிற்கும் புகைப்படம் தொங்கியது.

"மிக நன்று, எழுது."

"தேதி?"

"இன்னிக்குத் தேதியே போட்டுத் தொலை."

போட்டேன், அலங்காரமாக.