கப்பல் ஏறப் போன தாய்மாமன்

ஒச்சாயிக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். கத்துகிறவர்களைக் கண்டு யாரும் பயப்பட வேண்டியதில்லை என்பது அவள் கட்சி. அவள் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்ப்பாள். செக்கானூரணிக்கு மேற்கே வாழ்க்கைப்பட்ட ஊரில் இரண்டு எருமையை வைத்துப் பால் கறந்து விற்று மகன் மலைச்சாமியைப் படிக்க வைத்தாள். அவனுக்குத் தபால் ஆபீஸில் வேலை கிடைத்து, கே.கே. நகரில் வீடு பிடித்ததும், மாமனார், புருஷன், மகள் எல்லோரையும் கிளப்பிக்கொண்டு மதுரைக்கு வந்து சேர்ந்தாள். இத்தனையும் செய்துகொண்டே ஒரே ஒரு கோபத்தை இருபத்தைந்து வருடமாகச் சோறு போட்டு வளர்த்தாள். அது அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் நல்லகாமன் மேல்.

மலைச்சாமிக்கு மூன்று வயதானபோது, ஐம்பத்தேழாம் வருடம், குலதெய்வம் கோயிலில் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். மாமன் வரவில்லையென்றால் அந்தப் பெண்ணுக்குப் பிறந்த வீடே இல்லை என்று ஊர் பேசும். வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கப் போனபோது நல்லகாமன், “வாரேன் ஆத்தா. என் மடிய விட்டா அவனுக்கு வேற மடி ஏது?” என்று தொடையைத் தட்டிக் காட்டினான். தட்டிக் காட்டிய தொடையோடு அவன் போனது தனுஷ்கோடிக்கு. அங்கேயிருந்து சிலோனுக்குக் கப்பல் ஏறப் போகிறேன் என்று டீக்கடையில், முடிவெட்டுகிற இடத்தில், களத்துமேட்டில் எல்லாம் சொல்லிவிட்டு, காதுகுத்துக்கு முந்தின நாள் ரயில் ஏறினான். தங்கச்சிக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடவில்லை.

ஒச்சாயி காலை ஒன்பது மணியிலிருந்து மத்தியானம் மூன்று மணிவரை காத்திருந்தாள். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து பிள்ளை வீறிட்டு அழுதது. அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு மூன்று தரம் ரோடு வரைக்கும் போய்க் கிழக்கே பார்த்தாள். மூன்றாவது தரம் திரும்பி வரும்போதுதான் நாத்தனார் முறைக்காரி ஒருத்தி, “ஒங்க அண்ணன் இந்நேரம் கப்பல்ல காத்து வாங்கிக்கிட்டிருப்பாரு மதினி” என்றாள். பந்தியே சிரித்தது. காது குத்த வந்த பத்தர் நேரமாகிறது என்று ஊசியைக் கையில் எடுத்துவிட்டார். ஒச்சாயி சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் மடியிலேயே பிள்ளையை வைத்துக் குத்தச் சொன்னாள்.

நாலு நாள் கழித்து நல்லகாமன் ஒரு சோப்போடு வந்தான், சிலோன் சோப்பாம். மன்னிப்புக் கேட்கவில்லை, கப்பலைப் பற்றித்தான் பேசினான். “உள்ளாற ஒரு தெருவே இருக்கு ஒச்சாயி. தண்ணி மேல போறதே தெரியாது, தொட்டில்ல படுத்த கணக்கா இருக்கும்.” அதற்கப்புறம் எந்த நல்லது கெட்டதில் பார்த்தாலும் அதே கப்பல், அதே தெரு, அதே தொட்டில். ஒச்சாயி அந்தச் சோப்பை எருமை குளிப்பாட்ட வைத்துக்கொண்டாள். ஒரு நாள் உன்னையும் இதேபோல ஊர் பார்க்க நிற்க வைக்கிறேன் என்று மனசுக்குள் சொன்னாள்.

அந்த நாள் எண்பத்திரண்டில் வந்தது. கடைசி மகள் செல்லத்தாய் பெரிய மனுஷியாகியிருந்தாள். வீட்டளவில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள், பெரிய சடங்கைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டிருந்தார்கள். நல்லகாமனுக்கு இப்போது வயதாகிவிட்டது, பெரிய வீட்டுக்காரன் என்ற பேரும் வந்துவிட்டது. தாய்மாமன் சீரை லாரியில் ஏற்றி வந்து மருமகளுக்கு இறக்கப் போகிறேன், மதுரையே பார்க்கணும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். அதே சமயத்தில் மலைச்சாமி, சர்க்காரில் குடும்பத்தோடு ஊர் சுற்ற லீவும் பயணச் செலவும் தருகிறார்கள், மெட்ராஸிலிருந்து அந்தமானுக்குக் கப்பலில் போவோமா என்று கேட்டான்.

ஒச்சாயி அன்றைக்கு ராகிக் கூழை இரண்டு கும்பா குடித்தாள்.

டிக்கெட் கைக்கு வருகிற வரை பொறுத்திருந்தாள். வந்ததும் வெற்றிலை பாக்கை எடுத்துக்கொண்டு தனியாக பஸ் ஏறி அண்ணன் வீட்டுக்குப் போனாள். மாசி மாதம், வியாழக்கிழமை, காலை பத்தரைக்கு மகளுக்குச் சடங்கு என்றாள். வேறு ஒரு ஈ காக்கைக்கும் சொல்லவில்லை. நல்லகாமன் வெற்றிலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “வாரேன் ஆத்தா” என்றான். அந்த வியாழக்கிழமை அவர்கள் நடுக்கடலில் இருப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை கப்பல் சங்கு ஊதியது. ஒச்சாயி, புருஷன் பேயாண்டி, எண்பது வயது மாமனார் முத்துக்கருப்பன், மலைச்சாமி, மருமகள் அன்னக்கொடி, நாலு வயதுப் பேரன், செல்லத்தாய், ஆக ஏழு பேர். கீழ்த்தட்டில் ரயில் பெர்த் மாதிரி அடுக்கடுக்காகப் படுக்கை. வீட்டில் கட்டி எடுத்துப் போன புளியோதரையை முதல் நாள் சாப்பிட்டதோடு சரி. மறுநாள் கடல் ஆடிய ஆட்டத்தில் குடும்பமே வாந்தி எடுத்துச் சுருண்டது. பேயாண்டி தலையணையைக் கட்டிக்கொண்டு, தன்னைக் கரையில் இறக்கிவிடச் சொல்லிக் கப்பல் சிப்பந்தியைக் கெஞ்சினார். எழுந்து நடமாடியது இரண்டே பேர், ஒச்சாயியும் மாமனாரும். கிழவர் மேல்தட்டில் கம்பியைப் பிடித்து நின்று, “இம்புட்டுத் தண்ணி கெடக்கு, ஒரு குழி நெல்லுக்கு ஆகாதே” என்று கடலைத் திட்டிக்கொண்டிருந்தார். தொட்டில் மாதிரி இருக்கும் என்றானே, எந்தத் தொட்டில் இப்படி ஆடும் என்று ஒச்சாயி அப்போதே யோசித்தாள்.

வியாழக்கிழமை காலை எண்ணெய் வைத்துத் தலை சீவி, கண்டாங்கிச் சேலை கட்டிக்கொண்டு மேல்தட்டுக்குப் போனாள். கடலை அவள் பார்க்கவில்லை. மனசுக்குள் மதுரை ரோட்டைப் பார்த்தாள். இப்போது லாரி பாலம் தாண்டியிருக்கும். இப்போது கோரிப்பாளையத்துச் சந்தியில் பஸ்ஸுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு ஆரன் அடிக்கும். இப்போது கே.கே. நகரில் இறங்கித் தாம்பாளங்களைத் தலையில் ஏற்றுவார்கள், கொட்டு முழங்கும், தெருமுனைக் கிளினிக்கில் நிற்பவர்களெல்லாம் வெளியே வந்து பார்ப்பார்கள். இப்போது கேட்டில் தொங்குகிற பூட்டைப் பார்ப்பான். பார்டா, நல்லாப் பார். ஒச்சாயிக்கு உடம்பெல்லாம் இனித்தது.

பக்கத்தில் பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். தனுஷ்கோடிக்குப் போகிற வழியில், மண்டபம் ஸ்டேஷனில் ரயில் பயணிகளின் சிலோன் காகிதங்களைப் பரிசோதிக்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவராம். சந்தோஷத்தில் ஒச்சாயிக்கு வாய் திறந்துகொண்டது.

“எங்க அண்ணனும் கப்பல்ல போனவருதான். ஐம்பத்தேழுல. தனுஷ்கோடில ஏறி சிலோனுக்கு.”

“அங்கிட்டு வேல பாத்தாராம்மா?”

“இல்லைங்க. சும்மா பாத்துட்டு வரப் போனாரு.”

“பாஸ்போர்ட்டு, பெர்மிட்டு எல்லாம் வச்சிருந்தாரா?”

“ரயில் டிக்கெட்டுதான் எடுத்தாரு. அதுலயே கப்பலுக்கும் சேத்துக் குடுத்துருவாகளாம்ல?”

பெரியவர் சிரித்தார். “அப்படி நெனச்சு தினம் பத்துப் பேராச்சும் வருவாங்கம்மா. காகிதம் இல்லாட்டி மண்டபத்துலயே எறக்கிவிட்டுருவோம். அடுத்த வண்டில ஊர் போய்ச் சேர வேண்டியதுதான். ஒங்க அண்ணன் கப்பலக் கண்ணால பாத்திருக்க மாட்டாரு.”

ஒச்சாயி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். முந்தின நாள் காலையில் போனவன். மண்டபத்தில் இறக்கிவிட்டால் மறுநாள் விடியற்காலை மதுரையில் இருந்திருக்க வேண்டும். காதுகுத்து ஒன்பது மணிக்கு. அப்படியானால் அந்தப் பகல் முழுக்க இவன் எங்கே இருந்தான்?

கீழே போய்ப் புருஷனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். வாந்தி மயக்கத்திலும் பேயாண்டி எழுந்து உட்கார்ந்தார். “அடிப்பாவி, பிள்ள சடங்கத் தூக்கிக் கடல்ல போட்டுட்டியே” என்றார். மேல் படுக்கையில் கிடந்த செல்லத்தாயும் கேட்டுவிட்டாள். “என்னைய ஒரு வார்த்த கேட்டியாம்மா?” என்றாள். ஒச்சாயி மகளின் முகத்தைப் பார்க்காமல் பேரன் வாயைத் துடைத்துவிட்டாள்.

அந்தமானில் என்ன பார்த்தாள் என்று பின்னாளில் கேட்டவர்களிடம், தென்னைமரம் இருந்தது என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு கேள்வி அவளைத் தின்றுகொண்டிருந்தது.

கே.கே. நகருக்குத் திரும்பி வந்த அன்றைக்கே பக்கத்து வீட்டுக் கனகலட்சுமி ஓடிவந்தாள். “எங்க போய்ட்டீங்க அக்கா? ஒங்க அண்ணன் இருபத்தோரு தட்டோட வந்தார். பூட்டப் பாத்ததும் மேளம் நின்னுபோச்சு. தெருவே கூடிருச்சு. கூட வந்தவங்க சண்டைக்கு நின்னாங்க. அவர் எல்லாரையும் லாரியில அனுப்பிட்டு, வெயில்ல கேட்டு வாசல்லயே உக்காந்திருந்தார். தண்ணி குடுத்தேன், வாங்கல. மூணு மணி இருக்கும், எந்திரிச்சுப் போனார்.”

மூணு மணி. ஒச்சாயி இருபத்தைந்து வருடமாகக் கேட்க ஏங்கிய செய்தி இதுதான். கேட்டு முடித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

நல்லகாமன் வீட்டு முற்றத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். பத்து நாளில் முகம் வற்றியிருந்தது. மதினி சோணையம்மாள் சண்டை போடவில்லை, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். ஒச்சாயி வாங்கவில்லை.

“மண்டபத்துல எறக்கிவிட்டுட்டாகளாமே அண்ணே?”

நல்லகாமன் தலை நிமிரவில்லை. “யாரு சொன்னா?”

“எறக்கிவிட்டவரே சொன்னாரு. மறுநா விடியவும் மதுரைக்கு வந்துட்ட. அப்பறம் எங்க இருந்த?”

மதினிக்கே இது புதுச் செய்தி. சொம்போடு அப்படியே நின்றாள்.

“கோயிலுக்குத்தான் வந்தேன்” என்றான். “கம்மாக்கரை வரைக்கும் வந்துட்டேன். எல்லாரும் கப்பல் கப்பல்னு பேசிச் சிரிக்கிறது கேட்டுச்சு. ஊரெல்லாம் சொல்லிட்டுப் போயி எறக்கிவிட்டுட்டாங்கன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர? பனைக்குப் பின்னால நின்னுக்கிட்டேன்.”

“எம்புட்டு நேரம்?”

“நீ குத்தி முடிக்கிற வரைக்கும்.”

“நான் பிள்ளையத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு வந்தேனே.”

“மூணு தரம் வந்த” என்றான் நல்லகாமன். “பாத்தேன்.”

ஒச்சாயிக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தவன் மேல் இத்தனை வருடம் கோபப்பட்டாள். அவன் கூப்பிடுகிற தூரத்தில் நின்றிருக்கிறான். தன் மானம் போகாமல் இருக்க, பிள்ளை அழுவதையும் தங்கச்சி ரோட்டைப் பார்ப்பதையும் நின்று பார்த்திருக்கிறான். அவள் வைத்திருந்த கோபம் போதவே போதாது என்று தோன்றியது.

“நீ கப்பல்ல போயிருந்தேன்னா இன்னைக்கோட தீந்திருக்கும் அண்ணே” என்றாள்.

நல்லகாமன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “சீரு வீட்டுல அப்படியே கெடக்கு ஆத்தா. இன்னொரு நாள் குறி. எம்புள்ள மாதிரி அது, செல்லத்தாயி. நான் வாரேன்.”

“குறிக்கிறேன். அதே கோயில்ல வைக்கிறேன். எல்லாச் சொந்தத்தையும் கூப்பிடுறேன். நீ தட்டத் தூக்கிக்கிட்டு வா, மேளத்தோட வா, வந்து நடுவுல நின்னு என்னையத் தேடு. நான் பனைக்குப் பின்னால நின்னு பாத்துக்கிட்டிருப்பேன்.”

நல்லகாமன் எழுந்து நின்றான். அவள் சொன்னதைச் செய்வாள் என்று அவனுக்குத் தெரியும். அப்படியும், “வாரேன் ஆத்தா” என்றான்.

ஒச்சாயி தெருவில் இறங்கினாள். பின்னாலேயே அவன் வாசல் வரைக்கும் வந்து நிற்பது செருப்புச் சத்தத்தில் தெரிந்தது. பஸ் ஸ்டாப்பு வரைக்கும் அவள் ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இவனுக்காக மூன்று தரம் ரோட்டைப் பார்த்தது ஒரு ஆயுசுக்குப் போதும்.