மழை கொடுத்த லீவு

கிருஷ்ணராஜுக்கு லீவு கொடுப்பது மேலதிகாரி என்றால் அது பாதி உண்மைதான். மீதியைக் கொடுப்பது வானம். கொழும்புக்கு வடக்கே கடலோரத்தில், எரிவாயுவில் ஓடும் மின்நிலையம் ஒன்றில் அவனுக்கு வேலை. டர்பைனுக்குக் காற்று இழுக்கும் பெரிய ஃபில்டர்களைக் கழற்றித் துடைத்து மாட்டவேண்டும். மலைநாட்டில் மழை பெய்து நீர்த்தேக்கங்கள் நிறைந்தால், நீர்மின்சாரமே போதுமென்று நிலையத்தை அடக்கி ஓட்டுவார்கள். வறண்டாலோ எல்லாப் பாரமும் அதன் தலையில். பதுளைப் பக்கம் எரியும் விளக்குகளுக்கும் அதுதான் கைகொடுக்கவேண்டும். அப்போது லீவு என்று வாயைத் திறக்க முடியாது.

இந்த வருஷம் பார்த்து வறட்சி. இந்த வருஷம் பார்த்துத்தான் அதே பதுளைப் பக்கம் லுணுகலைத் தேயிலைத் தோட்டத்தில் தங்கை ஜீவராணியின் மகள் சுபாஜினி பெரியபிள்ளை ஆனாள். தாய்மாமன் சேலை கொடுத்து மாலை போட்டால்தான் சடங்கு முடியும். அதுவரை பிள்ளை, தோட்டத் தொழிலாளர் லயத்தில் அவர்களுடைய ஒற்றைக் காம்பராவின் மூலையில், மறைப்புக்குள். பள்ளிக்கூடமும் கிடையாது.

"அண்ணே, இன்னும் எத்தன வாட்டி நாள் மாத்துறது?"

"மழ பெய்யட்டும் தங்கச்சி. நான் என்னா செய்ய?"

ஜீவராணி மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். தேயிலைக்காக மழை கேட்கிறாள் என்று லயத்தில் நினைத்தார்கள். அவள் கேட்டது அண்ணனின் லீவை.

அம்மன் அளந்தா கொடுப்பாள்? கொட்டித் தீர்த்தது. நிலையம் அடங்கியது, லீவும் கிடைத்தது. சடங்குக்கு முதல்நாள் கிருஷ்ணராஜ் சேலைப் பெட்டியோடு பதுளை பஸ் ஏறினான். உடம்பெல்லாம் அலுப்பு, உட்கார்ந்ததும் தூங்கிவிட்டான். விழித்தபோது பஸ் பாதி வழியில், ஹல்துமுல்லை மலைப்பாதையில் நின்றிருந்தது. முன்னால் மண்சரிந்து பாதை மூடிக்கிடந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை.

விடிந்தும் பாதை திறக்கவில்லை. தங்கைக்குப் போன் எடுத்தான்.

"சொந்தமெல்லாம் வந்திருச்சுண்ணே. பரவால்ல, இன்னொரு நாள் வச்சுக்குவோம்." அவள் குரலில் தெம்பே இல்லை.

மறைப்புக்குள் இருக்கும் பிள்ளையை நினைத்தான். பெட்டி மடியிலேயே இருந்தது. அந்தச் சேலையை அவன் கடைகடையாக ஏறி இறங்கி வாங்கியிருந்தான்.

"வேணாம். புள்ள பள்ளிக்கூடம் போகட்டும். நம்ம சித்தப்பா மகன் வீரய்யா இருக்கான்ல, அவனும் மாமன்தான். அங்கயே ஒரு சேல வாங்கிக் குடுத்து மால போடச் சொல்லு."

"அப்ப ஒங்க முறை?"

அந்தப்பக்கம் ஜீவராணி அழத் தொடங்கினாள்.

"அழுவாத. எனக்கு ரெண்டு வாய்ச் சோறு எடுத்து வையி. விருந்தாளியா வந்து தின்னுட்டுப் போறேன்."