ரோசாலி அக்கா வீட்டு ஆறடி டிஷ்

போன வாரம் விழுப்புரம் சாலையில் வண்டி பஞ்சர். கடைக்காரர் டயரைக் கழற்றுவதற்குள் எங்கிருந்தோ கருவாட்டு வாசனை. பக்கத்துப் பழைய இரும்புக் கடை வாசலில் ஆறடி டி.வி. டிஷ் ஒன்று மல்லாந்து கிடக்க, அதன் கம்பிவலைமேல் நெத்திலியைப் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். நல்ல காற்றோட்டம், சீக்கிரம் காயும். ஒரு காலத்தில் அந்தச் சாமானைப் பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோல மாடிப்படி ஏற்றியவன் நான் என்று சொன்னால் அந்தக் கடைக்காரர் நம்புவாரா?

கனகசெட்டிக்குளம் மீனவர் குப்பத்தில் டிஷ் மாட்டப் போனாலும் இதே வாசனைதான். வேலை முடிந்து கீழே இறங்குவதற்குள் யார் வீட்டிலாவது குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும், சாப்பிடாமல் விடமாட்டார்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்கள் அவை. நெல்லித்தோப்பில் ஒரு டிஷ் கடையில் எனக்கு வேலை. பாலிடெக்னிக்கில் இரண்டு பேப்பரை அம்போவென்று விட்டுவிட்டு வந்தவனை ஊரே ‘இன்ஜினியர் தம்பி’ என்று கூப்பிட்டது. நானும் பெருந்தன்மையாக மறுக்காமல் இருந்தேன்.

வேலை என்ன தெரியுமா, பெரும்பாலும் கத்துவதுதான். டிஷ் மாடியில், டி.வி. கூடத்தில். மேலிருந்து நான் ‘வந்துச்சா?’ என்பேன். கீழேயிருந்து ‘வரல!’ என்பார்கள். பழைய ஆன்டெனாவிலாவது புள்ளி புள்ளியாக ஆள் தெரிவான். டிஜிட்டலில் அந்தத் தயவு தாட்சண்யமெல்லாம் கிடையாது. வந்தால் கண்ணாடி மாதிரி வரும். டிஷ் ஒரு விரற்கடை நகர்ந்தாலும் முகம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிடும். பிறகு திரை கறுப்பு.

ரெட்டியார்பாளையத்தில் இருந்த ரோசாலி அக்காவின் வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு வந்தவர். தெருவே அவரை, பிரெஞ்சில் ‘ஐயா’ என்பதுபோல, முசியே என்றுதான் கூப்பிடும். பிரெஞ்சு சேனல் பார்ப்பதற்காகவே அந்த ஆறடி டிஷ்ஷை என்னை வைத்து மாட்டிக்கொண்டார். அவர்களுடைய ஒரே மகன் மிஷேலும் அப்பாவைப் போலவே அங்கே போய் ராணுவத்தில் சேர்ந்துவிட்டான். போய் மூன்று வருடம், ஒருமுறைகூட ஊருக்கு வரவில்லை. அந்த வருடம் ஜூலை பதினான்காம் தேதி, பிரெஞ்சு தேசிய தினத்தன்று, பாரிஸ் அணிவகுப்பில் அவனும் நடக்கிறான் என்று போன் வந்தது. மூன்றாவது வரிசை, ஓரத்திலிருந்து இரண்டாவது ஆள். நேரலை நம் ஊர் நேரத்துக்கு மத்தியானம் ஒன்றரை மணிக்கு.

அன்றைக்கு ஒன்றே கால் இருக்கும், கடைக்குப் போன் அடித்தது. “தம்பி, படம் போயிடுச்சுப்பா! காலைல நல்லாத்தாம்பா இருந்துச்சு. ஓடியாப்பா!” அக்காவின் குரலில் அழுகை முட்டிக்கொண்டு நின்றது. மொபெட்டை அன்றைக்கு ஓட்டியதுபோல் நான் என்றைக்கும் ஓட்டியதில்லை.

முசியே கூடத்தில் கோட்டு, தொப்பி, மார்பில் வரிசையாக மெடல்களோடு நின்றிருந்தார். காலையில் கடற்கரையில் போர் நினைவுச் சின்னத்துக்கு மரியாதை செலுத்திவிட்டு வந்தவர் உடையைக்கூட மாற்றவில்லை. திரையில் ஒரு குதிரை பாதி உடைந்து நின்றது. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! “சேனல்காரன் அலைவரிசைய மாத்திட்டிருப்பான் முசியே, புதுசா தேட விட்டாப் போதும்” என்று சொல்லி, ரிசீவரில் இருந்த சேனல் பட்டியலை முழுசாக அழித்துவிட்டுத் தேட விட்டேன். கோடு மெல்ல நகர்ந்து நகர்ந்து கடைசி வரைக்கும் போய்ச் சேர்ந்தது. கிடைத்த சேனல்கள்: பூஜ்யம். இருந்த அரைக் குதிரையும் போய்விட்டது.

மணி ஒன்றரை. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். இன்னொரு தடவை தேட விட்டேன், மறுபடியும் பூஜ்யம். இன்ஜினியர் தம்பிக்கு முதுகெல்லாம் வியர்வை. அப்போதுதான் மாடியிலிருந்து படபடவென்று ஒரு சத்தமும், கூடவே இரும்பு முனகுவதும் கேட்டது.

நானும் முசியேயும் மாடிக்கு ஓடிப் போய்ப் பார்த்தால், டிஷ் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு ஜூலை பதினான்கிலும் மாடியில் பிரெஞ்சுக் கொடி ஏற்றுவது அவர்கள் வீட்டு வழக்கம். எப்போதும் சின்னக் கொடி, கைப்பிடிச் சுவரிலேயே கட்டிவிடுவார்கள். அந்த வருடம் மிஷேல் கட்டில் விரிப்பு அகலத்துக்கு ஒன்று அனுப்பியிருந்தான். அதற்கேற்ற நீளக் கம்பைத் தாங்க, உறுதியான இடமாகப் பார்த்து என் டிஷ்ஷின் விளிம்பிலேயே கட்டுக்கம்பியால் இறுக்கிவிட்டார் முசியே! காலையில் இலைகூட அசையவில்லை. மத்தியானம் கடற்காற்று கிளம்பியதும் கொடி இழுக்க, கொடியோடு டிஷ்ஷும் திரும்பிவிட்டது.

கட்டிங் பிளேயரால் கட்டுக்கம்பியை வெட்டி எறிந்தேன். டிஷ்ஷைப் பிடித்திருந்த போல்ட்டின் மரை தேய்ந்து போயிருந்தது. கையை எடுத்தால் டிஷ் சரிந்தது. இரண்டு கையாலும் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். கொடிக்கம்பு முசியே கையில், அந்தக் காற்றில் அதைத் தனியாளாகச் சுவரில் கட்டவும் முடியாது.

“முசியே, அதச் சுருட்டி வச்சிட்டுக் கீழ போங்க. நான் டிஷ்ஷப் புடிச்சிக்கிறேன்.”

“இன்னாப்பா பேசுற? பொழுது சாயறதுக்கு முன்ன எறக்கக் கூடாது. எம்புள்ள அங்க இதுக்குக் கீழதான் நடக்குறான்.”

“நீங்க பாக்க வேணாவா?”

அவர் கம்பை நேராக நிமிர்த்தி, சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார்.

“அக்கா! செவப்பு பட்டன அமுக்குங்க! கோடு ஏறுதா?” என்று கத்தினேன். ரிமோட்டையே தொட்டறியாத அக்கா அன்றைக்கு சேனல் தேடினார். “ஏறுது! ஏறுது! ஐயோ, நின்னுப் போச்சு!” நான் டிஷ்ஷை ஒரு மயிரிழை கிழக்கே தள்ளினேன். மூச்சுக்கூட விடவில்லை. வெயிலில் சூடேறிய இரும்பு உள்ளங்கையைப் பொசுக்கியது. கீழே திடீரென்று பேண்டு வாத்தியம் முழங்கியது.

“வந்துடுச்சு!”

அந்தச் சத்தம் நாலு தெருவுக்குக் கேட்டிருக்கும்.  எவ்வளவு நேரம் அப்படியே நின்றோமோ, கை மரத்துவிட்டது. பிறகு, “மிஷேலு! எம்புள்ள! ஐயோ, மிஷேலு!” என்று அக்காவின் அலறல். முசியே கம்பை மார்போடு அணைத்துக்கொண்டு, படிக்கட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பாமல், விறைப்பாக சல்யூட் வைத்தார். கடற்கரைப் பக்கம் பார்த்துத்தான். கண்ணில் தண்ணீர். எனக்கும்தான், ஆனால் துடைத்துக்கொள்ளக் கை இல்லை.

எல்லாம் முடிந்தபின் இருவருமாகக் கம்பைச் சுவரில் கட்டிவிட்டுக் கீழே இறங்கினோம். முசியே கேட்ட முதல் கேள்வி: “எப்டி நடந்தான்?”

“நல்லா நடந்தான்” என்றார் அக்கா.

“அதுல்ல ரோசாலி, எப்டி நடந்தான்?”

அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். நாற்காலியை ஓரமாகத் தள்ளினார். முகவாயை உயர்த்தி, வலது கையை நீட்டி வீசி, சுவருக்குச் சுவர் நடந்தார். வெறுங்கால் சிமென்டுத் தரையில் பட் பட்டென்று விழுந்தது. “இன்னொரு தபா” என்றார் முசியே. அக்கா மறுபடியும் நடந்தார். மூன்றாம் தடவை முசியேயும் எழுந்து பக்கத்தில் சேர்ந்துகொண்டார்.

அந்த வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். அவர்கள் இருவரும் மகனோடேயே போய்விட்டார்கள். ‘வந்துச்சா’ என்று மாடியிலிருந்து கத்தும் குரலைக் கேட்டு எத்தனையோ வருடமாகிறது. அந்த வருட அணிவகுப்பு இன்று போனிலேயே கிடைக்கிறது. ஒருநாள் தேடி எடுத்து, நிறுத்தி நிறுத்தி மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். எல்லோரும் ஒரே தொப்பி, ஒரே முகம். எவன் மிஷேல் என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா நடந்து காட்டினாரே, அதில் தெரிந்தான்.