டீச்சர் ஏறட்டும்

மின்சாரப் பேருந்தின் படம் பத்திரிகையில் வந்தால், ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் எவ்வளவு தூரம் ஓடும் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் பார்ப்பார்கள். நான் படியைப் பார்ப்பேன். தரையிலிருந்து முதல் படி எவ்வளவு உயரம், பிடித்து ஏறக் கம்பி எந்தப் பக்கம், நாம் ஏறி முடிக்கும் வரை வண்டி நிற்குமா என்பதுதான் என் கவலை. பேட்டரியைப் பற்றியும் எனக்குக் கொஞ்சம் தெரியும். பட்டுத் தெரிந்துகொண்டது.

இரண்டு வயதில் போலியோ வந்து என் இடது கால் சூம்பிப்போனது. தொடையிலிருந்து பாதம் வரை, இரும்புக் கம்பியும் தோல் வாரும் வைத்த காலிப்பர் மாட்டிக்கொண்டுதான் நடப்பேன். தொண்ணூறுகளின் கடைசியில் காமயகவுண்டன்பட்டியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்தது. வீடு கம்பத்தில். ஆர்டரைப் படித்துப் பார்த்ததும் அத்தாவின் முகம் வாடிவிட்டது; எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். "அந்த டவுன் பஸ்ஸுல நீ எப்பிடிம்மா ஏறுவ?" என்றார். "எல்லாரும் ஏறுற மாதிரிதான்" என்று வெடுக்கென்று சொன்னேன். எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம்.

ஆனால் அத்தா கேட்டது சரிதான். அந்த பஸ்ஸை யார் வடிவமைத்தார்களோ, அவர்கள் வீட்டில் வயசானவர்களோ பிள்ளைத்தாய்ச்சிகளோ சேலை கட்டியவர்களோ இருந்திருக்க மாட்டார்கள். முதல் படி என் முழங்காலுக்கு மேலே இருந்தது. கம்பியைப் பிடிக்க எக்க வேண்டும். எக்கினால் கால் நழுவும். ஜன்னல் கண்ணாடி ஒருமுறை ஏறினால் இறங்காது, இறங்கினால் ஏறாது. வெளியே மழை என்றால் உள்ளேயும் மழை.

எங்கள் நிறுத்தம் ஊரின் ஓரத்தில் இருந்தது. காலையில் அங்கே என்னோடு ஏழெட்டுப் பெண்கள் நிற்பார்கள். திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள். கையில் தூக்குச்சட்டி, இடுப்பில் செருகிய கத்தரி. அவர்களுக்குத் தலைவி மாதிரி ஓர் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கட்டுமஸ்தான உடம்பு. முதல் நாள் பஸ் வந்து நின்றதும் படியைப் பார்த்தபடி நான் திகைத்து நின்றேன்.

"என்ன டீச்சர், மலைச்சுப்போயி நிக்கிறீக?" என்று கேட்டுக்கொண்டே அந்த அக்கா என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். இன்னொருத்தி பின்னாலிருந்து தாங்கினாள். மேலே ஏறியிருந்த ஒருத்தி கையைப் பிடித்து இழுத்தாள். "டீச்சரு ஏறட்டும்ணே! வண்டிய எடுத்துராதீக!" என்று அக்கா போட்ட சத்தம் பஸ் முழுக்கக் கேட்டது.

அன்று மட்டுமல்ல, அதன்பின் பத்து வருஷத்துக்கும் மேலாக வேலை நாட்களில் எல்லாம் இதே கதைதான். டிரைவர் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருப்பார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி என்னையே பார்ப்பார். என் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். என்னைத் தூக்கி ஏற்றிவிட்டு, பிறகு அந்தப் பெண்கள் ஒவ்வொருவராக ஏறுவார்கள். கடைசி ஆள் ஏறிய பிறகுதான் விசில். அத்தனை பேரும் எனக்காகக் காத்திருக்கிறார்களே என்று உடம்பெல்லாம் கூசும். சில நாள் அந்த அக்காவிடம் நன்றி கூடச் சொல்லாமல் உர்ரென்று போய் உட்கார்ந்திருக்கிறேன். அவர் அதைக் கண்டுகொண்டதே இல்லை.

இன்று நினைத்தால் அந்த பஸ்ஸுக்காக மனம் ஏங்குகிறது. ஜன்னலோர இடம் எனக்கென்று காலியாக இருக்கும். கொத்து பழுத்துவிட்டதா, எந்தத் தோட்டத்தில் மருந்து அடித்திருக்கிறார்கள், எந்த முதலாளி கஞ்சன் என்று வழியெல்லாம் பேச்சு. சாயங்காலம் திரும்பும்போது உதிர்ந்த பன்னீர் திராட்சையை முந்தானையில் முடிந்து வந்து எல்லோருக்கும் கொடுப்பார்கள். பஸ்ஸே மணக்கும். பத்து வருஷத்தில் அது நேரத்துக்கு வந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வராமல் போன நாட்களையும் அப்படியே எண்ணிவிடலாம்.

பிறகு பேட்டரி ஸ்கூட்டர்கள் வந்தன. கடையில் பார்த்ததுமே எனக்காகவே செய்த வண்டி என்று தோன்றியது. உதைக்க வேண்டாம், கியர் வேண்டாம். ஃபேன் சுவிட்சைப் போடுவது மாதிரி சாவியைத் திருப்பினால் போதும். இருக்கை தாழ்வாக இருந்தது. ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துப் பின்னால் இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் வைத்துக்கொண்டேன். முதல் நாள் பள்ளிக்குப் போகும்போது டவுன் பஸ்ஸை முந்தினேன். ஜன்னலில் அந்த அக்கா தலையை நீட்டிக் கையை ஆட்டினார். நான் ஹாரன் அடித்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றுதான் முதல்முறையாக ஒருவர் கையும் என்மேல் படாமல் வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன். பள்ளி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இறங்க மனமில்லை.

வண்டியில் ஒரே குறை, அது கரண்ட்டை நம்பி இருந்தது. அந்த வருஷங்களில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. சார்ஜரை மாட்டிவிட்டு அதன் சின்ன விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு வருஷம் போனதும் பேட்டரியும் தளர்ந்தது. போக வர ஓடும் என்ற நிலை போய், வர மட்டும் யோசிக்கும் என்று ஆனது. அத்தா, "பஸ்ஸுலயே போயிரேன்மா" என்றார். "செத்தாலும் மாட்டேன்" என்றேன்.

ஆடி மாதம். எங்கள் பள்ளத்தாக்கில் ஆடிக்காற்று ஆளையே தள்ளும். முந்தின நாள் பாதி சார்ஜ்தான் ஏறியிருந்தது. பள்ளி விட்டு வரும்போது காற்றை எதிர்த்து வண்டி திணறியது. சார்ஜ் காட்டும் முள் இறங்கிக்கொண்டே வந்து, பாதி வழியில் ஒரு திராட்சைத் தோட்டத்து வாசலுக்குப் பக்கத்தில் சத்தமே இல்லாமல் நின்றுவிட்டது.

அந்த வாசலில்தான் நம் அக்காவும் மற்றவர்களும் பஸ்ஸுக்கு நின்றார்கள். "டீச்சரு வண்டி நின்னுபோச்சு!" என்று அக்கா ஓடி வந்தார். அருகே வந்த பிறகுதான் பார்த்தேன். இடது கையில் மூங்கில் பத்தை வைத்துத் துணி சுற்றிக் கட்டியிருந்தது.

"கையில என்னக்கா?"

"அது ஒண்ணுமில்ல டீச்சர். பஸ்ஸுல ஏறயில விழுந்துட்டேன். எலும்பு லேசா விரிசல் விட்டுருக்காம். இப்ப உக்காந்து பழம் பிரிக்கிற வேல குடுத்துருக்காக."

"பஸ் நிக்கலையா?"

அவர் சிரித்தார். "முன்னயெல்லாம் ஒங்களுக்காக நிக்கும். நாங்களும் அந்தச் சாக்குல ஆற அமர ஏறிருவோம். இப்ப யாருக்காக நிக்கப் போறாக? ஒரு காலத் தூக்கி வைக்கயிலயே விசில் அடிச்சிருறாக."

அவர் குறையாகச் சொல்லவில்லை. வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது என்பது போலச் சொன்னார். அதற்குள் பஸ் வந்தது. அது ஆள் ஏற்றுவதை அன்றுதான் முதல்முறையாக வெளியிலிருந்து பார்க்கிறேன். முழுதாக நிற்கவில்லை. பெண்கள் தூக்குச்சட்டியோடு பக்கத்திலேயே ஓடித் தொற்றி ஏறினார்கள். கடைசியாக ஏறியவளின் செருப்பு ஒன்று ரோட்டிலேயே கிடந்தது. டிரைவரும் கண்டக்டரும் அதே பழைய ஆட்கள்தான். கெட்டவர்களும் இல்லை, அவர்களுக்கு டைமிங் நெருக்கடி. காலிப்பர் போட்ட ஒரு டீச்சரை ரோட்டில் விட்டுவிட்டுப் போக அவர்களுக்கு மனசு வராது. வேலைக்குப் போகும் மற்றப் பெண்களுக்காகக் காத்திருக்க அவர்களுக்குத் தோன்றவும் இல்லை. இத்தனை வருஷம் நான் பாரம் என்று நினைத்துக் கூசிய அந்த இரண்டு நிமிஷத்தில்தான் இவர்கள் எல்லோரும் பத்திரமாக ஏறியிருக்கிறார்கள்.

அக்கா அந்த பஸ்ஸில் ஏறவில்லை. "பஸ்ஸு போனாப் போகுது, உக்காருங்க டீச்சர்" என்று நல்ல கையால் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளினார். நான் காலை ஊன்றித் தள்ளப் பார்த்தேன், முடியவில்லை. ஊர் வரும் வரைக்கும் காற்றில் தள்ளிக்கொண்டே வந்தார். கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

அன்றைக்கென்று பார்த்து கரண்ட் போகவே இல்லை. காலையில் சாவியைத் திருப்பினேன். முள் கடைசி வரை ஏறி நின்றது. துணியால் வண்டியைத் துடைத்தேன், இருக்கையைத் தடவினேன். அத்தா காபியோடு வந்து, "இன்னைக்கு ஓடும் போலயே" என்றார். "ஓடும்" என்று சொல்லிவிட்டு, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு நடந்தேன். வீதி முனை வரும் வரை அழுகையை அடக்கிக்கொண்டுதான் போனேன். சந்தோஷமாகப் போனேன் என்று பொய் சொல்ல விரும்பவில்லை.

பஸ் வந்தது. என்னைக் கண்டதும் முழுதாக நின்றது. "என்ன டீச்சர், பேட்டரி வண்டி ரிப்பேரா?" என்று டிரைவர் கேட்டார்.

"ஆமாண்ணே."

அக்கா வழக்கம்போல என் அக்குளில் கை கொடுக்க வந்தார். "நீங்க மொதல்ல ஏறுங்கக்கா" என்றேன். முறைத்துப் பார்த்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏறினார். மற்றவர்களையும் முன்னால் விட்டேன். ஒவ்வொருவராக, கம்பியைப் பிடித்து, தூக்குச்சட்டியை உள்ளே வைத்து, நிதானமாக ஏறினார்கள். நான் காலிப்பரின் வாரை அவிழ்த்து மறுபடியும் மாட்டினேன். டிரைவர் தாளம் போட ஆரம்பித்தார். கீழே இனி யாரும் இல்லை என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மேலிருந்து அக்கா நீட்டிய நல்ல கையைப் பிடித்து ஏறினேன்.