பாதி பிளேடு

அந்தத் தெருவில் சலூன்காரருக்கு 'புது பிளேடு' என்றுதான் பேர். நாற்காலியில் ஆள் உட்கார்ந்ததும் காகித உறை பிரிக்காத பிளேடை அவர் மூக்குக்கு நேரே நீட்டுவார். "நல்லா பாத்துக்குங்க சார், பிரிக்காத சரக்கு!" அப்புறம் உறையோடு மடக்கி டக்கென்று இரண்டாக ஒடிப்பார். ஆளுக்குப் பாதி. இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு நாளும் இது தவறியதில்லை. எதிர்க்கடைக்காரன் ஒரே பிளேடில் நாலு தாடையைச் சுரண்டுகிறான் என்று திட்டுவதும் தவறியதில்லை.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குத்தான் ஹெபடைட்டிஸ் சி! அக்காவின் ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்கப் போனார். இரண்டு நாள் கழித்து ரத்த வங்கியிலிருந்து கூப்பிட்டு, உங்க ரத்தம் வேண்டாம், முதல்ல நீங்க டாக்டரைப் பாருங்க என்றார்கள். உடம்பில் ஒரு வலி உண்டா, காய்ச்சல் உண்டா? ஒன்றும் கிடையாது. அந்தக் கிருமி கல்லீரலுக்குள் சத்தம் போடாமல் வருஷக்கணக்காகக் குடித்தனம் நடத்துமாம். என்ன அநியாயம் பாருங்கள்.

டாக்டரம்மா ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். பக்கத்திலேயே மனைவி.

"பச்சை குத்தியிருக்கீங்களா?"

"இல்லம்மா."

"எப்பவாவது ரத்தம் ஏத்தியிருக்காங்களா?"

"இல்ல."

"போதை ஊசி?"

"ஐயையோ, இல்ல!"

"வெளியில வேற யாரோடயாவது பழக்கம்...?"

"தாயே, சத்தியமா இல்ல!"

எல்லாவற்றுக்கும் இல்லை என்றது வினையாகப் போயிற்று. "அப்போ வானத்துல இருந்தா குதிச்சுச்சு?" என்றாள் மனைவி, பஸ் ஏறும்போது. வீட்டுக்கு வந்தால் அங்கே அவள் அண்ணன் உட்கார்ந்திருக்கிறான். வெறும் வாயை மெல்கிறவனுக்கு அவல் கிடைத்த கதைதான். "முடி வெட்ட வர்றவன் நாலு பேர் நாலு எடத்துக்குக் கூப்பிட்டிருப்பான் மாப்ள. நாமல்லாம் ஆம்பளைங்கதானே, சும்மா சொல்லிடுங்க." இவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தால்தானே சொல்வதற்கு!

அன்றோடு வீட்டில் பேச்சு நின்றது. படுக்கையை அடுத்த அறைக்கு மாற்றிக்கொண்டாள். பத்துத் தடவை கேட்டால் ஒரு பதில், அதுவும் சுவரைப் பார்த்து. மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டால் அனேகமாக எல்லோருக்கும் குணமாகிவிடும் என்று டாக்டரம்மா சொன்னது இவர் காதில் ஏறவே இல்லை. கிருமி போய்விடும் சரி, இவள் மனசில் விழுந்த சந்தேகம் போக எந்தக் கடையில் மாத்திரை விற்கிறான்? கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம், ஒரே ஒரு படிவம் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டுவிட்டதே!

அடுத்த மாதம், கிருமியின் வகை பார்க்கும் சோதனை முடிவு வந்தது. அதில் பல வகை உண்டாம், இவருக்கு மூணாவது வகை. இவர் ஆசையோடு முன்னால் சாய்ந்தார். "அப்போ இத வச்சு யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு சொல்லிடலாம்ல? இவ முன்னாடியே சொல்லுங்கம்மா."

"அப்படிச் சொல்ல முடியாதுங்க. இதே வகை எத்தனையோ பேருக்கு இருக்கு. மாத்திரைகூட இப்ப பெரும்பாலும் எல்லா வகைக்கும் ஒண்ணுதான்."

"அப்புறம் எதுக்கும்மா இத்தனை குழாய் ரத்தத்த உறிஞ்சுனீங்க?" கத்தியே விட்டார்.

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. படிவத்தை மறுபடி பார்த்தார். "சலூன் வச்சிருக்கீங்கள்ல?"

"ஆமா. ஆளாளுக்குப் புது பிளேடு. தெருவுல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க!"

"உங்களுக்கு யாரு ஷேவ் பண்றது?"

"எனக்கு நானேதான்."

"எந்த பிளேடுல?"

இவர் கை தானாகத் தாடையைத் தடவியது. மத்தியானம் கடையைச் சாத்தும் முன், கடைசி ஆளுக்குப் போட்ட பாதி பிளேடை எடுத்துத்தான் இவர் தன் தாடையில் ஓட்டுவார். ஒரே ஒரு தடவைதானே ஓடியிருக்கிறது, கூர் அப்படியே இருக்கிறது, நமக்கென்ன என்று. இருபத்தெட்டு வருஷமாக! ஊருக்குத்தான் உபதேசம்.

"கடைசி ஆளோடதுல" என்றார்.

"அனேகமா அதுலதான் வந்திருக்கணும். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் ஒட்டியிருந்தாகூடப் போதும்."

அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும், இவருக்கு உள்ளுக்குள் குபீரென்று ஒரு சந்தோஷம். ஜெயித்துவிட்டாரே! "கேட்டியாடி? இப்ப உங்க அண்ணனுக்கு போனைப் போடு!" என்று திரும்பினார்.

அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. இடது கையை மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். துணி ஆல்டரேஷன் செய்கிறவள். பழைய தையலைப் பிரிக்க அவளுக்கு பிளேடுதான் தோது. விரல் நுனியெல்லாம் கீறல்.

"ஷேவ் பண்ணிட்டு, வீணாப் போகுதுன்னு வீட்டுக்குக் கொண்டாந்து தருவீங்களே... அதுலதாங்க நான் தையல் பிரிக்கிறேன்."

அன்றைக்கே அவளுக்கும் ரத்தம் எடுத்தார்கள். பத்து நாளில் முடிவு வந்தது. அவளுக்கும் இருக்கிறது. மூணாவது வகை. இரண்டு பேரும் சேர்ந்தே மாத்திரை ஆரம்பிக்கலாம், கவலைப்படாதீங்க என்றார் டாக்டரம்மா.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் அவள் மெதுவாக வாயைத் திறந்தாள். "உங்கள அநியாயமா சந்தேகப்பட்டுட்டேங்க."

இந்த ஒரு வார்த்தைக்காக ஒரு மாதத்துக்கு மேலாகத் தவியாய்த் தவித்தவர் இவர்.

"பட்டுட்டே இருந்திருக்கலாமேடி!" என்று கத்தினார். "காலம் பூரா சந்தேகப்பட்டிருக்கலாமே, உனக்கு வராம இருந்திருந்தா!"

நர்ஸ் எட்டிப் பார்த்து, சத்தம் போடாதீங்க என்றாள். அவர் மனைவியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். மருந்து கவுண்டரில் அவர்களுடைய நம்பரைக் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.