கையெழுத்து வைக்காத படிவம்

என் கைத்தொலைபேசியில் ஒரு கடிதத்தின் படம் இருக்கிறது. படிக்கப் போன முதல் வருடம் தம்பி கனடாவிலிருந்து அனுப்பியது. கடிதத்தின் மூலையில் அவனுடைய பெருவிரல் தெரிகிறது. நகத்தைக் கடித்துக் கடித்துக் குட்டையாக்கி வைத்திருக்கிறான். சின்ன வயதிலும் பள்ளிக்கூடச் சோதனை நெருங்கினால் அவனுக்கு அந்தப் பழக்கம் வந்துவிடும். கடிதம் அந்த நாட்டு வரி அலுவலகத்திலிருந்து வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்து படிக்கிறவர்கள், பகுதி நேரமாக வேலை செய்தாலும், வரி கட்டும் அளவுக்கு உழைக்காவிட்டாலும், போன வருட வருமான விபரத்தை எழுதி அனுப்பும்படி அதில் கேட்டிருந்தார்கள். படத்துக்குக் கீழே தம்பியின் குரல் பதிவு இருந்தது: “அக்கா, இதை அனுப்பட்டோ? என்ன செய்யிறது எண்டு சொல்லுங்கோ.”

என்னைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. நான் கரவெட்டிப் பக்கம் ஒரு அரச அலுவலகத்தில் எழுதுவினைஞர். படிவங்களோடுதான் என் சீவியம். கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் யாருக்கு அரசாங்கக் கடிதம் வந்தாலும், நான் பஸ்ஸால் இறங்கி வரும்வரை எங்கள் வீட்டுப் படலையடியில் காத்துக்கொண்டு நிற்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, ஏன் மறைப்பான்? தம்பி என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். அப்பா இல்லாத வீட்டில் நான் சொன்னதுதான் அவனுக்குச் சட்டம். அன்றைக்குக் கடிதத்தின் முதல் இரண்டு வரியை மட்டும் வாசித்துவிட்டுப் பதில் அனுப்பினேன்: “வேண்டாம். கையெழுத்து வைக்காதை.”

ஊரார் படிவம் எத்தனை என்றாலும் நிரப்புவேன். எங்கள் வீட்டுப் பெயரை எழுத வேண்டி வந்தால் மட்டும் கை நின்றுவிடும். சண்டையில் இடம்பெயர்ந்து ஊர் திரும்பிய காலத்தில் குடும்ப விபரம் கேட்டு ஒரு தாள் வந்தது. மறைக்க எதுவும் இல்லாத மனிதர் என்பதால் அப்பா அதை வடிவான எழுத்தில் முழுதாக நிரப்பினார். முன்பு ஒரு வருடம், இயக்கத்தின் கையில் இருந்த வன்னியில் கடை வைத்திருந்ததையும் எழுதினார். அப்படிக் கடை வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் அதை எழுதவில்லை. மூன்றாம் நாள் அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த ஆமிக்காரர்கள், சின்ன விளக்கம் ஒன்று கேட்க வேண்டும் என்றார்கள். அப்பா கொடியில் கிடந்த சேட்டை மாட்டிக்கொண்டு போனார். அவர் திரும்பி வரவேயில்லை. பக்கத்து வீட்டுக்காரர் இப்போதும் காலையில் பேப்பர் வாங்கக் கடைக்குப் போய் வருகிறார். “கேட்டால் வாயாலை சொல்லுங்கோ, எழுதிக் குடுக்காதேங்கோ” என்று சொல்லிச் சொல்லியே அம்மா எங்களை வளர்த்தார்.

தம்பி விடவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடியும் தொலைபேசி எடுத்தான். “அக்கா, அறையிலை இருக்கிற பெடியள் எல்லாரும் அனுப்பிப்போட்டாங்கள். கட்டவேண்டியது ஒண்டும் இல்லையாம். எங்களுக்குத்தான் கொஞ்சக் காசு திரும்பி வருமாம்.” எனக்குச் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. “எந்த அரசாங்கம் சும்மா காசு தாறது? உன்ரை விபரத்தை எடுக்கத்தான் உந்தக் கதை. படிப்பை மட்டும் பார்” என்றேன்.  “ஓம் அக்கா” என்றான் அவன். அந்த வருடமும் அனுப்பவில்லை, படிப்பு முடிந்து முழுநேர வேலைக்குப் போன வருடங்களிலும் அனுப்பவில்லை. வந்த கடிதங்களை எனக்குக் காட்டாமலே விட்டுவிட்டான். நான்தான் முடிவு சொல்லிவிட்டேனே.

அங்கேயே நிரந்தரமாக இருப்பதற்கு விண்ணப்பித்தபோதுதான் இடி விழுந்தது. வேலை செய்ததற்கு ஆதாரமாக ஒவ்வொரு வருடத்துக்கும் வரி அலுவலகம் தந்த பத்திரம் கேட்டார்கள். அவனிடம் ஒன்றுகூட இல்லை. ஓடித் திரிந்து எல்லா வருடத்து விபரத்தையும் சேர்த்து வரி அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பினான். பதில் வர மாதக்கணக்கு எடுக்கும் என்றார்கள். பத்திரத்தைக் காட்டக் கொடுத்த தவணையோ சில கிழமைதான். தவணை தப்பியது, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, அதற்குள் வேலை அனுமதியும் முடிந்தது. பத்திரங்கள் பிறகு வந்து சேர்ந்தன. சம்பளத்தில் வெட்டியதற்கு மேல் அவன் ஒரு சதமும் கட்டவேண்டியிருக்கவில்லை என்று அவற்றில் எழுதியிருந்ததாம். அதைச் சொல்லும்போது தம்பி சிரித்தான். 

இப்போது அவன் அங்கே இருப்பதற்கான பத்திரம் எதுவும் இல்லாமல் ஒரு உணவகத்தின் குசினியில் ஒளிந்து வேலை செய்கிறான். அம்மா செத்தபோது வர முடியவில்லை. வெளிக்கிட்டால் திரும்பி அந்த நாட்டில் கால் வைக்க முடியாது. பெரியப்பாவின் மகன்தான் கொள்ளி வைத்தார். பெட்டியை மூட முதல் தொலைபேசியில் தம்பியின் முகம் வந்தது. பின்னால் வெங்காய மூட்டைகள். தலையைத் தானே மழித்திருந்தான். “அம்மாவின்ரை முகத்தைக் கொஞ்சம் கிட்டக் காட்டுங்கோ அக்கா” என்றான். காட்டினேன். என்னை அவன் ஒரு வார்த்தை ஏசியிருந்தால் நான் கொஞ்சமாவது மூச்சு விட்டிருப்பேன்.

போன கிழமை ஒரு தாய் அலுவலகத்துக்கு வந்தார். கனடாவில் படிக்கிற மகனுக்கு வந்த கடிதத்தைத் தன் தொலைபேசியில் காட்டினார். “பிள்ளை, உதை நிரப்பினால் ஏதும் பிரச்சினை வருமோ?” என்று கேட்டார். முகத்தில் என் அம்மாவின் பயம் அப்படியே இருந்தது. “இண்டைக்கே அனுப்பச் சொல்லுங்கோ அம்மா” என்றேன். என் குரல் போன போக்கில் பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

அந்தத் தாய் போனபின், இத்தனை வருடமாகத் தொடாத அந்தப் பழைய படத்தைத் திறந்தேன். அதே வாசகம்தானா என்று பார்க்க விரலால் பெருப்பித்தேன். கடிதத்துக்குக் கீழே மேசையில் இன்னொரு தாள் பாதி தெரிந்தது. அன்றைக்கு நான் அதைக் கவனிக்கவில்லை. அது அந்தப் படிவம். தம்பியின் பெயர், பிறந்த திகதி, வேலை செய்த இடம் எல்லாம் அப்பாவின் எழுத்தைப் போலவே வடிவாக நிரப்பப்பட்டிருந்தன. அருகே கிடந்த தபால் உறையில் முத்திரைகூட ஒட்டியிருந்தான். கையெழுத்து வைக்கும் கோடு மட்டும் வெறுமையாகக் கிடந்தது, பக்கத்தில் மூடி கழற்றிய பேனை.